உங்க ஊருக்கு பஸ் வேணுமா? சேலத்துல எந்த ஆபீஸ், என்ன பேப்பர், எவ்வளவு நாள்

சேர்வராயன் மலையில ஒரு ஊருக்கு சாயந்தரம் ஒரு நடை கூடுதலா விடச் சொல்லி நாங்க அலைஞ்ச அலைச்சல்ல பாதிக்கு மேல பஸ்ஸுக்காக இல்லைங்க, யார்கிட்ட கேக்கணும்னே தெரியாததுக்காக. கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தா அது டெப்போவுக்கு போகுது, டெப்போல கேட்டா ரோடு சரியில்லைங்கறாங்க, ரோட்டுக்காரங்ககிட்ட போனா அது எங்க ரோடே இல்லைங்கறாங்க, பஞ்சாயத்துல கேட்டா நிதி இல்லைங்கறாங்க. கடைசியில மனு கெணத்துல போட்ட கல்லு மாதிரி கெடக்குது. இந்த சுத்தல் உங்களுக்கு வேண்டாம்னுதான் இதை எழுதறேன். ஏற்காடு மலை ஊர்களை மனசுல வச்சு எழுதியிருக்கேன், ஆனா அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி, ஓமலூர் பக்கம் இருக்கறவங்களுக்கும் முக்கால்வாசி இதேதான்.

1. எந்தக் குழு எதுக்குன்னு முதல்ல பிரிச்சுக்கோங்க

"மாவட்ட போக்குவரத்து கமிட்டி"ன்னு ஒண்ணு இருக்கும், அங்க போய் சொன்னா பஸ், ரோடு, ஸ்டாப்பு, ஸ்பீட் பிரேக்கர் எல்லாம் ஒரே மீட்டிங்ல முடிஞ்சிடும்னு நெறைய பேர் நெனைக்கறாங்க. அப்படி ஒண்ணு இல்லைங்க.

பர்மிட், ரூட், டைமிங் இதெல்லாம் ஆர்டிஏ, அதாவது வட்டார போக்குவரத்து ஆணையம் கையில இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி அமைச்சது, நம்ம மாவட்டத்துல கலெக்டர் தலைமை, வட்டார போக்குவரத்து அலுவலர் அதுக்கு செயலாளர். ஆனா ஆர்டிஏகிட்ட ஒரு பஸ் கூட கெடையாது, யாராவது பஸ் விடறேன்னு வந்து கேட்டா பர்மிட் தரலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது மட்டும்தான் அவங்க வேலை. அரசு பஸ் வேணும்னா ராமகிருஷ்ணா ரோட்டுல தலைமை ஆபீஸ் வச்சிருக்கற சேலம் அரசு போக்குவரத்துக் கழகம். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரின்னு நாலு மாவட்டத்துக்கும் அவங்கதான், அதனால உங்க ஊர் அவங்க லிஸ்ட்ல ரொம்ப சின்ன புள்ளி, இதை மறந்துடாதீங்க.

மூணாவது மாவட்ட சாலை பாதுகாப்பு குழு. இதுக்கும் கலெக்டர்தான் தலைமை, போலீஸ், நெடுஞ்சாலை, போக்குவரத்து அலுவலர், உள்ளாட்சி எல்லாரும் உக்காருவாங்க, விபத்து நடக்கற இடம், எச்சரிக்கை போர்டு, வேகத்தடை, வளைவுல தடுப்புச் சுவர் இதெல்லாம் இங்க. ரெண்டுக்கும் கலெக்டர்தானேன்னு ஒரே மனுவுல பஸ்ஸும் தடுப்புச் சுவரும் சேத்துக் கேட்டுடாதீங்க, ஆள் ஒருத்தர்தான், ஃபைல் போற செக்‌ஷன் வேற வேற.

மாவட்ட திட்டக் குழு, சேலத்துக்கான நகர வளர்ச்சிக் குழுமம் இதெல்லாம் இருபது வருஷத்துக்கு அப்புறம் ஊர் எப்படி இருக்கணும்னு யோசிக்கற இடம். மாஸ்டர் பிளான் வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேக்கும்போது மட்டும் போய் எழுதிக் குடுங்க, ஒரு பஸ்ஸுக்காக அங்க போனா நேரம்தான் வேஸ்ட்.

இன்னொண்ணு, கவர் மேல "ஆர்டிஓ"ன்னு மட்டும் எழுதாதீங்க. வருவாய் கோட்டாட்சியரையும் நம்ம ஊர்ல அப்படித்தான் சொல்றோம், தபால் அங்க போய் ஒக்காந்துக்கும். "வட்டார போக்குவரத்து அலுவலர்"னு முழுசா எழுதுங்க. சேலத்துலயே மேற்கு, கிழக்கு, தெற்குன்னு ஆபீஸ் இருக்கு, சங்ககிரி, ஆத்தூர், மேட்டூர் தனி. உங்க ஊர் எதுல வருதுன்னு பக்கத்து வீட்டுக்காரர் சமீபத்துல ரிஜிஸ்டர் பண்ண வண்டி நம்பரைப் பாத்தாலே ஓரளவு தெரிஞ்சிடும், டிஎன் 30-ன்னா மேற்கு, 54-ன்னா கிழக்கு.

2. ரோடு யாரோடதுன்னு கண்டுபிடிங்க

பஸ் கேக்கறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. மலை மேல நூத்துக்கு தொண்ணூறு கோரிக்கை இங்கதான் செத்துப் போகுது.

கீழ் நாட்டுல ரோடுன்னா நெடுஞ்சாலைத் துறை, ஊராட்சி ஒன்றியம், கிராம ஊராட்சி இந்த மூணுல ஒண்ணுக்கு சொந்தமா இருக்கும். ஏற்காட்டுல கூட ரெண்டு சேரும், ஒண்ணு எஸ்டேட் ரோடு, இன்னொண்ணு காட்டு ரோடு. உங்க தாத்தா காலத்துல இருந்து நடக்கற ரோடா இருக்கலாம், தார் போட்டிருக்கலாம், லைட் கம்பம் கூட இருக்கலாம், ஆனா ஆவணத்துல அது ஒரு காபி எஸ்டேட்டோட பட்டா நிலமா இருந்தா அதுல அரசு பஸ் விட எந்த அதிகாரியும் கையெழுத்து போடமாட்டாரு. நாளைக்கு எஸ்டேட்காரர் கேட்டை சாத்திட்டா என்ன பண்றதுன்னு கேப்பாங்க, அது நியாயம்தானே.

அதனால தமிழ்நாடு அரசோட இ-சர்வீசஸ் தளத்துல உங்க ரோடு போற சர்வே நம்பருக்கு அ-பதிவேடும் (நிலம் யார் பேர்ல, என்ன வகைன்னு இருக்கற பதிவு) புலப்படமும் (நிலத்தோட அளவு வரைபடம்) எடுங்க. காசு இல்ல. சர்வே நம்பர் தெரியலைன்னா விஏஓகிட்ட கேளுங்க, ரோடு ஆரம்பிக்கற எடத்துல இருந்து முடியற வரைக்கும் எல்லா நம்பரும் எழுதி வாங்குங்க. நடுவுல ஒரே ஒரு நம்பர் பட்டாவா இருந்தாலும் அங்கதான் முட்டும். எஸ்டேட் நிலம்னா உரிமையாளர் அந்தப் பாதையை ஊராட்சி பேருக்கு தானப் பத்திரம் எழுதிக் குடுத்தா பிரச்சினை முடிஞ்சிடும், குடுக்க மாட்டேன்னா பேசிப் பாக்கணும், ஊர்ப் பெரியவங்களை வச்சுப் பேசுங்க, முதல் நாளே வக்கீல் நோட்டீஸ்னு போனீங்கன்னா அதோட கதை முடிஞ்சுது.

காட்டு நிலம்னா வேற வழி. வன உரிமைச் சட்டம் 2006-ல ரோடு, பள்ளிக்கூடம், தண்ணித் தொட்டி மாதிரி 13 வகை வசதிக்கு காட்டு நிலம் ஒதுக்க இடம் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஹெக்டேருக்கு கம்மியா இருக்கணும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரை கண்டிப்பா வேணும். மாவட்ட வன அலுவலர் மட்டத்துலயே முடிவு பண்ணலாம், டெல்லி வரைக்கும் போக வேண்டியதில்ல. இந்த ஒரு விஷயம் தெரியாம "காடுன்னா ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு எத்தனையோ ஊர்ல விட்டுட்டாங்க.

3. ஆள் கணக்கு எடுங்க

"எங்கள் ஊரில் ஆயிரக்கணக்கான மக்கள் பஸ் வசதியின்றி அவதிப்படுகின்றனர்"னு எழுதற மனுவுக்கு மதிப்பே இல்லைங்க, எல்லா ஊர்ல இருந்தும் அதே வரிதான் வருது. டெப்போல கிளை மேலாளர் பாக்கறது கிலோமீட்டருக்கு எவ்வளவு கலெக்‌ஷன், எந்த நேரத்துல எத்தனை பேர், அவ்வளவுதான். அந்தக் கணக்கை நாமளே கையில குடுத்துட்டா "ஆய்வு செய்யப்படும்"ங்கற பதிலை அவங்க எழுத முடியாது.

ஒரு நாலு கோடு போட்ட நோட்டு போதும். ஸ்டாப்புல ஒரு பையனை ஒக்கார வச்சு, நேரம், எத்தனை பேர், எங்க போறாங்க, எதுக்குப் போறாங்க, இப்ப எதுல போறாங்கன்னு அஞ்சு கட்டம் போட்டு எழுதுங்க. "காலை 6.50, ஒன்பது பேர், ஏற்காடு, பள்ளிக்கூடம், ஜீப்புல தொங்கிட்டு" இப்படி எழுதினா போதும், அதுக்கு மேல இலக்கியம் வேண்டாம். ஜீப்புக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் இப்ப எவ்வளவு குடுக்கறாங்கன்னும் எழுதுங்க, டெப்போக்காரங்க கண்ணு அங்கதான் போகும், ஏன்னா அந்தக் காசு டிக்கெட்டா மாறக்கூடிய காசு.

எப்ப எடுக்கறதுங்கறதும் முக்கியம். பள்ளிக்கூடம் தொறந்திருக்கற மாசத்துல எடுங்க. வியாழன், வெள்ளி, ஞாயிறு மூணும் வேற வேற மாதிரி இருக்கும், அதனால ஒரு வாரம் முழுசா எடுங்க. நவம்பர்ல இருந்து காபி பழம் பறிக்கற சீசன், அப்ப வேலைக்கு வர்ற கூட்டம் அதிகம், அந்தக் கணக்கை மட்டும் குடுத்து மத்த மாசத்துக்கும் அதேதான்னு சொன்னீங்கன்னா ஆய்வுக்கு வர்றவர் ஜூன்ல வந்து நின்னு பாத்துட்டு மொத்தத்தையும் பொய்யின்னு எழுதிட்டுப் போயிடுவாரு. சீசன் கணக்கு தனி, சாதாரண கணக்கு தனின்னு ரெண்டு தாள் வைங்க. கோடை விழா நேரத்துல எடுக்கவே வேண்டாம், அப்ப வர்றது டூரிஸ்ட் கூட்டம், போற வர்ற பாதையையே மாத்தி விடுவாங்க.

இதோட பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர்கிட்ட அந்த ஊர்ல இருந்து வர்ற பிள்ளைங்க எத்தனை பேர், பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடுதுன்னு லெட்டர்பேடுல ஒரு கடிதம், ஆரம்ப சுகாதார நிலையத்துல புறநோயாளி நேரம் எதுன்னு ஒரு கடிதம். கர்ப்பிணிங்க செக்கப்புக்கு வர்ற நாள் எதுன்னும் கேட்டு வாங்குங்க. இதுக்கெல்லாம் யாரும் காசு கேக்க மாட்டாங்க, ஆனா ஹெட்மாஸ்டர் "மேலிடத்துல கேக்கணும்"னு இழுக்கலாம், அப்போ பெற்றோர் ஆசிரியர் கழகத்துகிட்ட இருந்து வாங்கிக்கோங்க.

4. கிராம சபை தீர்மானம்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துக்கு ஆறு. இதுல எது பக்கத்துல வருதோ அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஊராட்சி செயலாளர்கிட்ட எழுத்துல குடுத்து பொருளா சேக்கச் சொல்லுங்க. அன்னைக்கு போய் கையைத் தூக்கிப் பேசினா கை தட்டுவாங்க, மினிட்ஸ்ல ஏறாது.

தலைவரைப் பிடிச்சா போதும்னு பழைய நெனப்புல இருக்காதீங்க. சேலம் மாவட்டத்துல ஊராட்சித் தலைவருங்க பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓட முடிஞ்சது, அதுக்கப்புறம் தனி அலுவலர்னு பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) பொறுப்புக்கு வந்தாரு. உங்க ஊர்ல இப்ப யார் பொறுப்புன்னு பாத்துட்டு அவங்க கையெழுத்தோட நகல் வாங்குங்க. தீர்மான எண், தேதி, சீல் மூணும் இல்லாத நகலை வாங்கிட்டு வந்துடாதீங்க. தீர்மானத்துல ரோடு பேரு, எங்க இருந்து எங்க வரைக்கும், எத்தனை கிலோமீட்டர், எந்த நேரம், எல்லாம் வரணும். "பேருந்து வசதி செய்து தர வேண்டும்"னு ஒத்தை வரியில தீர்மானம் போட்டா அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

5. மனு எழுதறது, குடுக்கறது

ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. ஒரு பக்கத்துக்கு மேல வேண்டாம், மத்ததெல்லாம் இணைப்பு. சட்டப் பிரிவு எழுதி மெரட்டாதீங்க. முக்கியமா என்ன வேணும்ங்கறதை பஸ்காரங்க பேசற மாதிரி எழுதுங்க: புது ரூட்டா, இருக்கற ரூட்டை நீட்டிக்கறதா, நடை கூட்டறதா, நேரம் மாத்தறதா, ராத்திரி உங்க ஊர்லயே பஸ் தங்கற நைட் ஹால்ட்டா. புது ரூட்டுங்கறது மலை ஏறற வேலை. ஆனா ஏற்கனவே ஏற்காடு ஒண்டிக்கடை வரைக்கும் வந்து அரை மணி நேரம் சும்மா நிக்கற பஸ்ஸை இன்னும் நாலு கிலோமீட்டர் உள்ள நீட்டிக்கச் சொன்னா புதுசா பஸ்ஸும் வேண்டாம், டிரைவரும் வேண்டாம், டீசல் மட்டும்தான். அதனால மனு எழுதறதுக்கு முன்னாடி உங்க பக்கத்துல எந்தெந்த பஸ் எங்க எவ்வளவு நேரம் நிக்குதுன்னு குறிச்சுட்டு, அந்த பஸ்ஸோட நேரத்தைச் சொல்லிக் கேளுங்க. என்னைக் கேட்டா, முதல் தடவை கேக்கற ஊரு நீட்டிப்பு மட்டும்தான் கேக்கணும்.

பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லாத பயணம் வேணும்னா "சாதாரண கட்டண நகரப் பேருந்து"ன்னு தெளிவா எழுதணும். இல்லைன்னா மப்சல் பஸ்ஸை (ஊர் விட்டு ஊர் போற வெளியூர் பஸ்) விட்டுட்டு கோரிக்கை நிறைவேத்தியாச்சுன்னு முடிச்சுடுவாங்க, அதுல எல்லாரும் காசு குடுத்துத்தான் ஏறணும்.

குடுக்கற எடம்: திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர்க்கும் நாள். பழைய பஸ் ஸ்டாண்டுல எறங்கினா நடந்தே போயிடலாம். காலையில சீக்கிரம் போங்க, ஆதார் நகல், போன் நம்பர் வேணும். அங்க குடுத்ததோட நிறுத்தாம அதே மனுவை போக்குவரத்துக் கழக மேலாண்மை இயக்குநருக்கும், உங்க ஏரியா டெப்போ கிளை மேலாளருக்கும் தபால்ல அனுப்புங்க. ரெஜிஸ்டர் போஸ்ட்டுன்னு கேக்காதீங்க, 2025-ல அதை ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க. ரசீதை பத்திரமா வைங்க. முதல்வர் உதவி மையம் 1100-க்கு போன் பண்ணியும் பதிவு பண்ணலாம், ஆனா இணைப்பு எதையும் போன்ல குடுக்க முடியாதுங்கறதால நான் அதை ரெண்டாவதாத்தான் வைப்பேன்.

தேர்தல் அறிவிச்சு நடத்தை விதி வந்துட்டா குறைதீர்க்கும் நாள் நடக்காது. அந்த நேரத்துல ஊர்ல இருந்து ஆள் தெரட்டிக்கிட்டு வேன் புடிச்சு வந்து பெட்டியில மனுவைப் போட்டுட்டுப் போறவங்களை ஒவ்வொரு தேர்தலுக்கும் பாக்கலாம். கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணி கேட்டுட்டுப் போங்க.

எம்எல்ஏ, எம்பி லெட்டர் வாங்கலாமான்னா வாங்கலாம், கெடைச்சா நல்லது. ஆனா ஏற்காடு ஊர்க்காரங்க சேலம் எம்பியைத் தேடிப் போறாங்க, ஏற்காடு சட்டமன்றத் தொகுதி கள்ளக்குறிச்சி நாடாளுமன்றத் தொகுதியில வருது, அங்க போகணும். நிழற்கூடம் மட்டும் வேணும்னா இவங்க தொகுதி நிதியில கேக்கறதுதான் சுருக்கு வழி.

6. ரோடு பாக்க வர்ற நாள்

மனு நகர்ந்துச்சுன்னா ஒரு நாள் போக்குவரத்துக் கழகத்துல இருந்தும், மோட்டார் வாகன ஆய்வாளரும், ரோட்டுக்காரங்களும் வந்து பாதையைப் பாப்பாங்க. முன்கூட்டி சொல்ல மாட்டாங்க, சொன்னாலும் மொத நாள் சாயந்தரம்தான். அதனால மனுவுல ரெண்டு பேரோட போன் நம்பர் குடுங்க, டவர் கெடைக்கற எடத்துல இருக்கற ஆளா பாத்துக் குடுங்க, மலையில இது பெரிய விஷயம்.

அவங்க பாக்கறது என்ன? அகலம், வளைவு, சிறுபாலம் தாங்குமா, எதிர்ல வண்டி வந்தா ஒதுங்க இடம் இருக்கா, கடைசியில பஸ் திரும்ப இடம் இருக்கா. திரும்ப இடம் இல்லைன்னா மத்தது எல்லாம் சரியா இருந்தாலும் "சாத்தியமில்லை"தான். மலைப்பாதைக்கு குட்டை பஸ்தான் வரும், அதுவே வளைஞ்சு திரும்ப நல்ல அகலமான இடம் கேக்கும், பின்னாடி போய் திருப்பறதுக்கு டிரைவருங்க ஒத்துக்க மாட்டாங்க, பள்ளத்து ஓரத்துல ரிவர்ஸ் எடுக்கச் சொன்னா யாரு எடுப்பா. பொறம்போக்கு நிலம் இருந்தா அளந்து புலப்படத்துல குறிச்சு வைங்க, தனியார் நிலம்னா சம்மதக் கடிதம் வாங்கி வைங்க.

அதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை பஸ் டிரைவரா இருக்கற சொந்தக்காரர் யாரையாவது கூட்டிட்டு அந்தப் பாதையில நடங்க. நிழலுக்கு வச்ச சில்வர் ஓக் மரத்து கெளை ரோட்டு மேல எறங்கி வந்திருக்கும், பஸ் கூரையில இடிக்கும். கரண்ட் கம்பி தாழ்வா தொங்கும். ஓரத்துல காபிச் செடி படர்ந்து ரோட்டுல ரெண்டு அடியை முழுங்கியிருக்கும். கெளையை எஸ்டேட்டுலயும் கம்பியை மின்வாரியத்துலயும் சொல்லி முன்னாடியே சரி பண்ணிடுங்க, இதுக்கெல்லாம் தனித்தனியா குறிப்பு எழுதி ஃபைலைத் திருப்பி அனுப்பினா அது மறுபடி வர மாசக்கணக்கு ஆகும். மழைக்காலத்துல மண்ணு சரியற இடம் இருந்தா அதை மறைக்காதீங்க, நீங்களே காட்டிடுங்க. பஸ் விட்டதுக்கப்புறம் அங்க ஏதாவது ஆச்சுன்னா அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கு உங்க ஊருக்கு பஸ் வராது.

7. அரசு பஸ் வராதுன்னு சொல்லிட்டா மினி பஸ்

தனியார் பஸ் விடுங்கன்னு ஆர்டிஏகிட்ட மனு குடுக்கறதுல ஒரு சிக்கல் இருக்கு. ஊர்க்காரங்க கேட்டா பர்மிட் கெடைக்காது, பஸ் முதலாளி ஒருத்தர் விண்ணப்பிக்கணும். அதோட சில பாதைகள் அரசு பஸ்ஸுக்கு மட்டும்னு ஒதுக்கினது, அங்க புது தனியார் பர்மிட்டே தர முடியாது.

இதுக்கு நடுவுல இருக்கற வழி புது மினி பஸ் திட்டம், 2025 ஜூன்ல ஓட ஆரம்பிச்சது. ரூட்டோட மொத்த நீளம் 25 கிலோமீட்டருக்குள்ள, அதுல குறைஞ்சது 65 சதவீதம் இதுவரைக்கும் பஸ் போகாத பாதையா இருக்கணும். நம்ம மலை ஊர்களுக்கு இந்தக் கணக்கு நல்லாவே பொருந்தும். நீங்க பண்ண வேண்டியது, ரூட்டை அளந்து, பஸ் இல்லாத தூரம் எவ்வளவு, இருக்கற தூரம் எவ்வளவுன்னு பிரிச்சு வட்டார போக்குவரத்து அலுவலருக்கு எழுதிக் குடுக்கறது, அதே நேரத்துல பஸ் விடத் தயாரா இருக்கற ஆளையும் தேடறது. ஒரே ரூட்டுக்கு பல பேர் கேட்டா குலுக்கல்ல எடுப்பாங்க. முதலாளிங்க கூட பேசும்போது உங்க ஆள் கணக்கு நோட்டை எடுத்துக் காட்டுங்க, எந்த வாக்குறுதியையும் விட அதுதான் வேலை செய்யும்.

டைமிங் பிரச்சினை தனி. ரெண்டு பஸ் அஞ்சு நிமிஷ இடைவெளியில ஓடிட்டு அப்புறம் ரெண்டு மணி நேரம் ஒண்ணுமே இல்லைன்னா அது வட்டார போக்குவரத்து ஆபீஸ்ல நடக்கற டைமிங் மீட்டிங்ல பேசற விஷயம். அங்க பஸ்காரங்க மட்டும்தான் உக்காருவாங்க, நம்மளைக் கூப்பிட மாட்டாங்க, எழுத்துல குடுத்து வைக்கலாம். பஸ் தருமபுரி மாவட்டத்துக்குள்ள போற ரூட்டுன்னா அந்த மாவட்ட ஆர்டிஏவும் பர்மிட்டுல கையெழுத்து போடணும் (மேலொப்பம்), அதனால அங்கயும் ஒரு நகல்.

8. ஆபத்தான வளைவு, விபத்து இடம்னா

அடிவாரத்துல இருந்து ஏற்காடு வரைக்கும் 20 கொண்டை ஊசி வளைவு. 2024 ஏப்ரல் 30 அன்னைக்கு ஒரு தனியார் பஸ் 13-வது வளைவுல கவுந்து உசுரு போனப்போ எல்லா அதிகாரிகளும் வந்தாங்க. உங்க ஊர்ப் பாதையில மாசாமாசம் பைக்ல வர்றவங்க விழுந்து கை கால் ஒடைக்கறதுக்கு யாரும் வரமாட்டாங்க, நாமதான் சாலை பாதுகாப்பு குழுவுக்கு கொண்டு போகணும்.

தேசிய நெடுஞ்சாலைக்கு ஒரு கணக்கு வச்சிருக்காங்க: 500 மீட்டர் தூரத்துக்குள்ள மூணு வருஷத்துல சாவோ கொடுங்காயமோ ஆன விபத்து அஞ்சு, இல்லைன்னா பத்து சாவு, அப்போ அது கரும்புள்ளி. மத்த ரோட்டுலயும் இதே கண்ணோடதான் பாக்கறாங்க. அதனால எஃப்ஐஆர் நம்பர் இல்லாத விபத்து கணக்குல வராது. "பேசி முடிச்சுக்கலாம்"னு போலீசுக்கே போகாம விடற ஒவ்வொரு விபத்தும் உங்க வளைவை பாதுகாப்பான வளைவா காட்டுது. எந்த ஸ்டேஷன்னு பாத்துக்கோங்க, சேலம் மாநகரம் கமிஷனர், மாவட்டம் எஸ்பி. கன்னங்குறிச்சி, கோரிமேடு பக்கம் விபத்துக்கு எஸ்பி ஆபீஸ்ல போய் நின்னா திருப்பி அனுப்பிடுவாங்க.

வேகத்தடை கேக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய ரோட்டுல மேடு போட மாட்டாங்க, பட்டையா கோடு கோடா போடறது, எச்சரிக்கை போர்டு, குவி கண்ணாடி, தடுப்பு இதுல ஒண்ணைக் கேளுங்க. ஊர்க்காரங்களே சிமெண்ட் கொட்டி மேடு போடற வேலை வேண்டவே வேண்டாம், ராத்திரி யாராவது விழுந்தா கேஸ் உங்க மேல.

9. பதில் வரலைன்னா

அரசாணைப்படி மனுவுக்கு 3 நாள்ல ஒப்புகை, ஒரு மாசத்துல முடிவு. ஒரு மாசம் கழிச்சு பெரும்பாலும் "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது"ன்னு ஒரு கடிதம் வரும், ஆன்லைன்ல பாத்தா மனு "முடிக்கப்பட்டது"ன்னு காட்டும். எங்களுக்கும் ஒரு ஆபீஸ்ல இருந்து அப்படித்தான் வந்துச்சு, பக்கத்து ஊர் பேரைப் போட்டு. கடிதத்தைத் தூக்கி எறியாதீங்க, மேல இடது பக்கம் ந.க. எண் (உங்க ஃபைலோட நம்பர்) இருக்கும், அதுதான் இனிமே உங்க அடையாளம். அந்த எண் இல்லாம எந்த ஆபீஸுக்குப் போனாலும் "எப்ப குடுத்தீங்க, யார்கிட்ட குடுத்தீங்க"ன்னு மறுபடி முதல்ல இருந்து.

அப்புறம் தகவல் உரிமைச் சட்டம், அதாவது ஆர்டிஐ. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்க, ஆன்லைன்லயும் போடலாம். ஏன் பஸ் விடலைன்னு கேக்காதீங்க, அது தகவல் இல்லைன்னு தள்ளிடுவாங்க. இந்த ந.க. எண் ஃபைல்ல இதுவரைக்கும் எழுதின குறிப்பு எல்லாத்தோட நகல், பாதை ஆய்வு நடந்திருந்தா அந்த அறிக்கை நகல், ஆய்வு பண்ண அதிகாரி பதவி, தேதி, இந்த டெப்போல இந்த ரூட்டுக்கு அட்டவணைப்படி எத்தனை நடை, போன மூணு மாசத்துல நெஜமா எத்தனை நடை ஓடுச்சுன்னு கேளுங்க. கடைசி கேள்விதான் முக்கியம். நடை ஓடாம கட் பண்ணது எழுத்துல வந்துட்டா அதுக்கப்புறம் பேச்சே வேற மாதிரி இருக்கும்.

30 நாள்ல பதில் வரணும். வரலைன்னா அடுத்த 30 நாளுக்குள்ள அதே ஆபீஸ்ல மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு, அதுக்கும் ஒண்ணும் இல்லைன்னா 90 நாளுக்குள்ள மாநில தகவல் ஆணையம். நகலுக்கு பக்கத்துக்கு ரெண்டு ரூபா.

10. செலவு, நாள்

மனுவுக்கு எங்கயும் கட்டணம் கெடையாது. ஜெராக்ஸ், தபால், ஆர்டிஐ, சேலத்துக்கு போக வர பஸ் காசு, இவ்வளவுதான். மனு எழுதித் தர்றேன்னு ஆபீஸ் வாசல்ல ஒக்காந்திருக்கறவங்ககிட்ட எழுதினா காசும் போகும், வழக்கமான அந்த ஒரே வரியையும் எழுதிக் குடுத்துடுவாங்க. தானப் பத்திரம்னு வந்தா அது ஒண்ணுதான் பெரிய வேலை, அதுக்கு முன்னாடி சார்பதிவாளர் ஆபீஸ்ல என்ன கட்டணம்னு கேட்டுக்கோங்க. பஸ் விட வைக்கறேன்னு எவனாவது ஊர்ல வசூல் பண்ணா சேர விடாதீங்க.

நாள் கணக்கு: இருக்கற பஸ்ஸை நீட்டிக்கறது, நேரம் மாத்தறது, ரோடு நல்லா இருந்தா சில மாசத்துல ஆகும். புது ரூட்டுக்கு வருஷக் கணக்குன்னு வச்சுக்கோங்க. காட்டு நிலம் இருந்தா இன்னும் கூட. கிராம சபை தேதிக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஆள் கணக்கு முடியற மாதிரி திட்டம் போட்டா எல்லாம் ஒண்ணா சேரும்.

11. பஸ் வந்ததுக்கு அப்புறம்

முதல் மூணு மாசம் கலெக்‌ஷன் பாப்பாங்க. ஜீப்புக்காரர் தெரிஞ்சவர்னு அதுலயே போயிட்டு பஸ்ஸை காலியா விட்டீங்கன்னா "வருவாய் இல்லை"ன்னு எழுதி நிறுத்தறது ஒரு நாள் வேலை. விடியல் பயணத்துல போற பொம்பளைங்களும் கண்டக்டர்கிட்ட அந்த பூஜ்ய டிக்கெட்டைக் கேட்டு வாங்கணும், இலவசம்தானேன்னு சும்மா உக்காந்தா அந்த ஆள் கணக்குலயே வரமாட்டாங்க. பஸ் வராத நாளையெல்லாம் அதே நோட்டுல தேதி போட்டு எழுதிட்டே வாங்க. நைட் ஹால்ட் பஸ்னா டிரைவர், கண்டக்டர் படுக்க ஒரு ரூம், கக்கூஸ், வெந்நீர் வைக்க ஒரு ஏற்பாடு ஊர்ல பண்ணிக் குடுங்க. டிசம்பர் குளிர்ல பஸ்ஸுக்குள்ளயே படுத்துத் தூங்கச் சொன்னா ஒருத்தரும் அந்த டியூட்டிக்கு வரமாட்டாங்க, ஆள் இல்லைன்னு முதல்ல கட் ஆகறது அந்த ராத்திரி நடைதான்.